மூன்று விரற்கடை

ஹாம்ட்ராமிக், மிச்சிகன்
மார்ச் 3, 1991

அன்புள்ள ஹலினா,

தொலைபேசியில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசை மேல்தான் கிடக்கும், என்றைக்காவது மீதியைப் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நாம் சண்டை போட்டிருக்க வேண்டாம். பாதிரியார் சூப்பை வாய்க்குக் கொண்டுபோகாமல் நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? "காரை என்ன பண்ணலாம்?" என்றேன். நீ, "அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றாய். ஐம்பது வயதுக்காரனைப் பார்த்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க.

வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரங்களைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் தையல் மெஷினை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சமிருப்பது கொட்டகையில் நிற்கிற பேக்கார்ட்தான். வீடு எனக்கு, வங்கியில் இருந்தது உனக்கு என்று அழகாகப் பிரித்து எழுதிய அப்பா, காரை மட்டும் நம் இருவர் பேரிலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அதை விற்கவும் கூடாது, மாற்றவும் கூடாதாம். அதனால்தான் உன் வாசலில் வந்து நிற்கிறேன்.

நேற்று பழைய கார் கிளப்பிலிருந்து இரண்டு பேரை வரவழைத்துக் காட்டினேன். ஆர்வில் ஸ்டாமை உனக்குத் தெரியும். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1934-ஆம் வருஷத்துப் பேக்கார்ட் ஒன்றைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்க்கிறார். வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போருக்கு முன்னாடி செஞ்சதுதாம்பா பேக்கார்ட். இது ஐம்பத்தாறு. இது அந்த வீட்டு மாப்பிள்ளை. பேரு இருக்கும், ரத்தம் இருக்காது."

டொலீடோவிலிருந்து வந்திருந்த டெல்ஃபின் க்ரவுச் அம்மாள் சும்மா விடவில்லை. அவரிடம் இருப்பது ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் பேக்கார்ட். "மாமனார் பெருமையைச் சொல்லிக்கிட்டே இருங்க. போன வருஷம் மேட்டுல உங்க மாமனாரை நாங்க நாலு பேரு எறங்கித் தள்ளினோம். மாப்பிள்ளைதான் முன்னாடி போயி வழி காட்டினான்."

இப்படியே மதியம் வரை. ஆர்வில் சொல்வது: முழுக்கப் பிரித்து, புது வண்ணம் அடித்து, குரோமைப் புதிதாக முலாம் பூசி, சீட்டுத் துணியை மாற்றினால் ஆகஸ்டில் ஏரிக்கரைக் கண்காட்சியில் பரிசு உறுதி. டெல்ஃபின் சொல்வது: கதவடியில் துரு இருந்தாலும் இது ஆலையில் அடித்த வண்ணம், இதன் மேல் தூரிகை பட்டால் பாவம். "புதுசாக்க யாராலயும் முடியும். பழசா இருக்க இதால மட்டுந்தான் முடியும்" என்றார். நான் ஆர்வில் பக்கம். நான் பாய்லர் பழுது பார்த்துப் பிழைத்தவன். ஒன்று சரியாக இல்லாமல் என் கண்ணெதிரே நின்றால் எனக்குக் கை அரிக்கும்.

அதைவிட அரிப்பது காரின் பின்பக்கம். முப்பது வருஷமாக அது மூன்று விரற்கடை தூக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் குத்தியபடி நிற்கிறது. கிளப்பில் அதற்கு 'வாத்து' என்றே பெயர். இந்த வண்டியின் பெருமையே தன்னைத் தானே சமன் செய்துகொள்வதுதான். பின்னால் ஆள் ஏறினால் அழுந்தும். ஏழெட்டு விநாடி பொறுத்து அடியில் இருக்கிற மோட்டார் ஓடி மேலே தூக்கிவிடும். ஆள் இறங்கினால் அதேபோலத் தாழ்த்தும். அதைப் போய்க் கெட்டுப்போக விட்டு, சரி செய்ய மாட்டேன் என்று பிடிவாதமாக ஓட்டினாரே அப்பா, அது என்ன குணம்? தேவாலய வாசலில், "கஸிமிர், உன்னைவிட உன் கார் நல்லாக் கும்பிடுதே" என்று கேலி செய்வார்கள். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அவர் பேரில் அதை நிமிர்த்தி நிறுத்த நினைக்கிறேன். உன் சம்மதம் ஒரு வரி போதும்.

உன் அண்ணன்,
லுட்விக்


டுலூத், மின்னசோட்டா
மார்ச் 12, 1991

லுட்விக்,

முழுக்கப் படித்தேன். பாதியில் வைக்கவில்லை.

முடியாது.

காரணம் கேட்பாய். கடிதத்தில் எழுதுகிற காரணம் இல்லை அது. இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. பனி உருகி வழி திறந்ததும் மே மாதம் நானே வருகிறேன். உன் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். அதுவரை பொறு. உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

அப்பாவுக்கு என்ன குணம் என்று கேட்டிருந்தாய். அவர் அந்தக் காரில் பின்சீட்டில் ஒருவரையும் உட்கார விட்டதில்லை, கவனித்திருக்கிறாயா? உன் கல்யாணத்தன்று மழையில் பெண் வீட்டார் நனைந்துகொண்டு நின்றார்கள். அப்போதும் பின்கதவைத் திறக்கவில்லை. கஞ்சன், காருக்கு வலிக்குமென்று பார்க்கிறான் என்றார்கள். நீயும் சிரித்தாய்.

வண்ணம் அடிக்காதே. பின்சீட்டில் யாரையும் ஏற்றாதே. உன் கிளப் ஆட்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திப் பேசச் சொல். மாமனார், மாப்பிள்ளை பேச்சுக்கு அப்பாவின் கொட்டகை எதற்கு?

தையல் மெஷினுக்கு நன்றி. அதன் ஊசிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே.

ஹலினா


ஹாம்ட்ராமிக்
மார்ச் 24, 1991

ஹலினா,

"முடியாது" என்று ஒரு வார்த்தையைத் தனி வரியில் எழுதியிருக்கிறாய். அப்பாவின் கையெழுத்து மட்டுமில்லை, அப்பாவின் வாயும் உனக்குத்தான் வந்திருக்கிறது.

கடைசி நாட்களில் நீதான் வந்து அவரோடு இருந்தாய். சரி. நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் எதையும் எனக்குப் பிறகுதான் சொல்வது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அம்மா போனதே எனக்குப் பிறகுதான் தெரியும். நான் ஜெர்மனியில் பட்டாளத்தில் இருந்தேன். தந்தி கைக்கு வந்தபோது இங்கே மண் போட்டு மூடியாகிவிட்டது. "அந்த மாசம் சண்டை வரும்னு ஒலகமே நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, உனக்கு எவன் லீவு குடுப்பான்?" என்று அப்பா சொன்னார். நானும் சரி என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் மே வரை வாயை மூடிக்கொள் என்கிறாய். மூடிக்கொள்கிறேன். வண்ணத்தைத் தொடவில்லை. யாரையும் ஏற்றவில்லை. உன் சொல்லை மீறவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அதற்கு நீ சந்தோஷப்படுவாய்.

சனிக்கிழமை ஆர்விலும் டெல்ஃபினும் வந்திருந்தார்கள். வழக்கம்போல அந்தச் சமன் செய்கிற மோட்டாரைப் பற்றித்தான் பேச்சு. ஆர்வில், "அது பேட்டரியை உறிஞ்சுற பேய். முதல் வேலையா அதைக் கழட்டி எறி" என்றார். டெல்ஃபின், "அதைக் கழட்டிட்டா அப்புறம் அதுக்குப் பேக்கார்ட்னு ஏன் பேரு? கட்டில்னு வெச்சிடுங்க" என்றார். எனக்குப் பேச்சு அலுத்துவிட்டது. எரிந்துபோயிருக்கும் என்று நினைத்து அடியில் படுத்துப் பார்த்தேன். மோட்டார் சுத்தமாக இருக்கிறது. கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. அப்பா வருஷா வருஷம் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். புது பேட்டரியை மாட்டினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதே, அது அணைந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். கெட்டுப்போகவே இல்லை. அணைத்து வைத்திருக்கிறார்.

போட்டேன். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சில விநாடி ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து ஒரு முனகல். பின்பக்கம் மெல்ல இறங்கியது. மூக்கு நிமிர்ந்தது. நேராக, சீராக, ஒரு குதிரை மாதிரி நின்றது. டெல்ஃபின் கை தட்டினார். மாப்பிள்ளையை மதிக்காத ஆர்வில்கூட, "அழகன்தான், ஒத்துக்கறேன்" என்றார்.

முப்பது வருஷக் கோணலை ஒரு விரலில் சரி செய்துவிட்டேன். அப்பா பார்த்திருக்க வேண்டும்.

லுட்விக்


ஹாம்ட்ராமிக்
ஏப்ரல் 9, 1991

ஹலினா,

ஈஸ்டர் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. தொலைபேசி செய்தேன். உன் வீட்டுக்காரர் வாரன்தான் எடுத்தார். "அவ ஏரிப் பக்கம் நடக்கப் போயிருக்கா" என்றார். மறுநாளும் நடக்கப் போயிருந்தாய். மூன்றாம் தடவை அவரே தாழ்ந்த குரலில், "லுட்விக், உங்க கடிதம் வந்ததிலேர்ந்து அவ சரியாச் சாப்பிடலை. அதுல என்னதான் எழுதியிருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் என்ன எழுதிவிட்டேன்? திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். காரை நிமிர்த்தினேன் என்று எழுதினேன். அதில் அழ என்ன இருக்கிறது?

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. அப்பாவிடமே அதை நிறைய வாங்கிக்கொண்டாயிற்று.

லுட்விக்


டுலூத்
ஏப்ரல் 17, 1991

லுடெக்,

சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் பேனாவில் தானாக வந்துவிட்டது. இருக்கட்டும்.

உன் மேல் எனக்கு வந்த கோபம் பெரியது. அதை ஏரிக்கரையில் நடந்து நடந்துதான் கரைக்க வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் தப்பு உன்னுடையது இல்லை. தெரியாதவன் சுவிட்சைப் போடத்தான் செய்வான். உன்னைப் போன்ற ஒருவனால் கண்டிப்பாகப் போடாமல் இருக்க முடியாது. அதை உனக்குச் சொல்லாமல் வைத்தது நான். என்னைச் சொல்ல விடாமல் வைத்தது அப்பா. மே வரை காத்திருக்க இனி ஒன்றும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

அறுபத்திரண்டு அக்டோபர். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அப்பா நம்பினார். அவள் நிமிர்ந்து உட்கார முடியாததால் பின்சீட்டில் படுக்க வைத்தோம். புரோனியா பெரியம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியம்மாவின் உடம்பு உனக்குத் தெரியுமே, அவள் ஏறினாலே வண்டி ஒரு பக்கம் பெருமூச்சு விடும். டிக்கியில் சக்கர நாற்காலி, பெட்டி, தன் சொந்த இறகு மெத்தை இல்லாமல் தூக்கம் வராது என்று அம்மா அடம்பிடித்ததால் அதுவும். எனக்குப் பதினேழு வயது. நான் முன்னால் அப்பா பக்கத்தில்.

ஏறியதும் கார் அழுந்தியது. சற்றுப் பொறுத்து மோட்டார் ஓடி மேலே தூக்கியது. அந்தத் தூக்கல் நமக்கெல்லாம் விளையாட்டு. அம்மாவுக்கு அது கத்தி. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம், ஒரு இடத்தில் நின்று கிளம்பும்போதெல்லாம் அது தன்னைச் சமன் செய்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்தாள். ரயில் பாதையில் சரக்கு வண்டி போவதற்காக நின்றோம். அங்கேயும் அது ஒரு முறை அசைந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள். "காஸிக், அதை நிறுத்து. அப்படியே இருக்கட்டும்."

அப்பா கையை ஸ்டீயரிங்குக்குக் கீழே விட்டு அணைத்தார். அப்புறம் அது அசையவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப நல்லாருக்கு" என்றாள்.

சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: "லுடெக் வந்துட்டானா?"

உனக்கு யாரும் எழுதவே இல்லை, லுடெக். அப்பா முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "வந்துக்கிட்டு இருக்கான். ரயில்ல இருக்கான்" என்றார். அம்மா எதிரே ஓடுகிற ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சிரித்தாள். நான் அதைப் பின்புறக் கண்ணாடியில் பார்த்தேன்.

நாலாம் நாள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நானும் அப்பாவும் வெளியே வந்தோம். கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவளையும் பெரியம்மாவையும் மெத்தையையும் தாங்குவதற்காகக் கொடுத்த அதே தூக்கல். பாரம் மட்டும் இல்லை. உள்ளே ஏறியதும் நான் சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார்.

"அவ நிறுத்தச் சொன்னா. போடச் சொல்லலை" என்றார்.

அவ்வளவுதான். முப்பது வருஷம் போடவில்லை. போட்டால் இறங்கிவிடும். பின்சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவள் பாரத்தின் மேல் இன்னொரு பாரம். அந்த மூன்று விரற்கடைதான் அவருக்கு அம்மா. கல்லறையில் அவளுடைய பெயர் இருந்தது. அவளுடைய கனம் காரில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம் சத்தியம் வாங்கினார். "லுடெக்கிட்ட சொல்லாதே. அவ கேட்டான்னு தெரிஞ்சா அந்தப் பையன் தன்னையே தின்னுடுவான்." லீவு கிடைக்காது என்ற கதை பிறகு அவர் கட்டியது. அது உன்னைக் காப்பாற்ற என்று அவர் நினைத்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

காரை மட்டும் இருவர் பேரிலும் எழுதிவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தாயே. நாம் சண்டை போடுவோம், நான் வாயைத் திறப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் சத்தியத்திலிருந்து என்னை விடுவிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. நான் கொஞ்சம் முன்னாலேயே திறந்திருக்கலாம்.

இனி உன் இஷ்டம். வண்ணம் அடித்தாலும் சரி.

ஹலினா


ஹாம்ட்ராமிக்
ஏப்ரல் 30, 1991

ஹல்கா,

உன் கடிதத்தை இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன். இப்போதும் தெரியவில்லை.

முதலில் அப்பா மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்திருப்பேன். லீவு கொடுத்திருப்பார்களோ மாட்டார்களோ, கேட்டிருப்பேன். மேலதிகாரி காலில் விழுந்திருப்பேன். கேட்டுவிட்டு வராமல் போயிருந்தால் அது வேறு. எனக்குக் கேட்கவே இடம் கொடுக்கவில்லை. அவர் என்னை ரயிலில் ஏற்றிவிட்டார், அவள் போய்விட்டாள். இருபத்தொன்பது வருஷமாக நான் அந்த ரயிலிலேயே இருக்கிறேன் போலிருக்கிறது. இறங்க ஸ்டேஷன் இல்லை.

பிறகு ஆத்திரம் அடங்கியது. அடங்கியதும் அந்தச் சனிக்கிழமை வந்து எதிரே நின்றது. கை தட்டினார்கள், ஹல்கா. அம்மா கடைசியாக இறங்கியதை நான் ஆள் வைத்துக் கை தட்டி வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

கொட்டகைக்குப் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அழுந்தியது. உயர்ந்தது. இறங்கினேன். மறுபடி தாழ்ந்து நேராக நின்றது. மூன்று நான்கு தடவை செய்துபார்த்தேன். அதற்கு எதுவும் ஞாபகம் இல்லை. யார் ஏறினாலும் தூக்குகிறது, யார் இறங்கினாலும் விட்டுவிடுகிறது. ஞாபகம் வைத்திருந்தது அப்பாவின் விரல்தான்.

டெல்ஃபினிடமும் ஆர்விலிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்வில் வெகுநேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். ஏதாவது செய்ய வேண்டுமே என்று, "நாலு மூட்டை மணல் கொண்டாரேன். பின்னாடி போட்டு, தூக்கினதும் அணைச்சிடுவோம். அதே மூணு விரல் வந்துடும்" என்றார். டெல்ஃபின் அவர் தோளைத் தொட்டு, "உயரம் வரும் ஆர்வில். அவங்க வரமாட்டாங்க" என்றார். மணல் மூட்டையைக் காட்டி அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று கேட்கிறேன். போனது திரும்பாது, தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் காரில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அவள் என்னைக் கேட்டாள் என்றால் இருந்தது என்றுதானே அர்த்தம்? அந்த இடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு முன்னால் இருக்கிற சுவிட்சை எட்ட முடியவில்லை. முயன்று பார்த்தேன். தோள்தான் பிசகிக்கொண்டது.

வழி தெரிந்தவள் நீ ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாய். நீ ஓட்ட வேண்டும்.

வண்ணம் அடிக்க வரச் சொல்லியிருந்த ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

லுடெக்


டுலூத்
மே 8, 1991

லுடெக்,

வருகிறேன். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை உன் வாசலில் இருப்பேன். வாரன் வரவில்லை. இது நம் இருவர் வேலை.

எனக்கு இப்போது பெரியம்மாவின் உடம்பு வந்துவிட்டது, பார்த்துச் சிரிக்காதே. நான் முன்னால் உட்கார்ந்தால் உன் வாத்து மூக்கால் உழும்.

உன் ஆட்களை அன்றைக்கு வரச் சொல்லாதே. டெல்ஃபின் அம்மாள் மட்டும் பிறகு சாப்பிட வரட்டும். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டிலிருந்து அதே தெரு வழியாகப் போவோம். ரயில் பாதை இன்னும் இருக்கிறதா? இருந்தால் அங்கே நிறுத்துவேன். சரக்கு வண்டி வந்தாலும் வராவிட்டாலும் நிறுத்துவேன். அப்புறம் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அப்பாவும் பார்க்கவில்லை. நீ சொன்னால்தான் கையைக் கீழே விடுவேன். அந்த வார்த்தையை யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு தடவை கேட்டதே போதும். நீதான் சொல்ல வேண்டும்.

இறகு மெத்தை பரணில் இருக்கிறதா பார். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை.

ஹல்கா


ஹாம்ட்ராமிக்
ஆகஸ்ட் 19, 1991

அன்புள்ள ஹல்கா,

ஊசிப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டாய். தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

மே மாதத்துக்குப் பிறகு நாம் வாரா வாரம் பேசுகிறோம், நீயும் தொலைபேசியைப் பாதியில் வைப்பதில்லை. ஆனாலும் அன்றைக்கு ரயில் பாதையில் நடந்ததை நாம் இருவருமே தொடுவதில்லை. ஆகவே இதை மட்டும் எழுதுகிறேன். மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கார் அழுந்தி, உயர்ந்து நின்றது. நீ இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாய். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நீ அசையவில்லை. அவன் திட்டிக்கொண்டே சுற்றிப் போனான். அப்போதும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழுதது உனக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதற்கு நன்றி. நான் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கும் வரை என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் எதற்கும் அவ்வளவு மெதுவாக வந்து சேர்ந்ததில்லை.

நேற்று ஏரிக்கரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். துரு, மங்கின குரோம், பழைய துணி எல்லாவற்றோடும். ஆர்விலின் மாமனார் ஒரு பக்கம், டெல்ஃபினின் ஐம்பத்தைந்து மறுபக்கம், நடுவில் நம்முடையது. பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் இதன் முகப்பு பல் இளிக்கிறது என்றார். இன்னொருவர் இதற்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் கார் செய்யவில்லை, இரும்புப் பெட்டிதான் செய்தார்கள் என்றார். ஆர்வில் ஒருவரையும் "மாப்பிள்ளை" என்று சொல்ல விடவில்லை. சொன்னவரிடம் சண்டைக்கே போனார்.

மதியம் நடுவர் வந்தார். இளைஞர், மரியாதையானவர், கறாரானவர். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். முன்பு மூன்று விரற்கடை. இப்போது என் ஒருவன் பாரம்தானே, ஒரு விரற்கடைதான் தூக்கியிருக்கிறது. என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"சார், பின்பக்கம் லேசாத் தூக்கி நிக்குது. சமன் பண்ற மோட்டார் வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுது."

"அப்ப சுவிட்ச் அணைஞ்சிருக்கும். போட்டுடுங்க, ஏழெட்டு செகண்டுல எறங்கிடும். இல்லேன்னா நான் மார்க்கைக் குறைக்கணும்."

"குறைச்சுக்கங்க தம்பி."

அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். நல்ல பையன், மெல்லிய குரலில் திரும்பவும் கேட்டார். "ஒரு சுவிட்ச்தானே சார். போடறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எனக்குக் கை அரிக்கவில்லை, ஹல்கா. முதல் தடவையாக அரிக்கவில்லை.

"எங்கம்மா நிறுத்தச் சொன்னாங்க" என்றேன். "இன்னும் போடச் சொல்லலை."

லுடெக்